சோளக்காரருக்கு வழி போட்டவள்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கிற ஒருத்தியை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். இரும்பை சிவன் கோயில், பிரதோஷக் கூட்டம். பின்னால் வருகிறவர்கள் நெருக்கித் தள்ளுகிறார்கள். இவள் அசராமல் குனிந்து இரண்டு செருப்பையும் எடுத்து, மூக்கு வெளியே பார்க்கிற மாதிரி ஓரமாக வைத்தாள்.

“ஏண்டி, சாமிய பாக்குறதுக்கு முன்னாடியே வீட்டுக்குக் கெளம்பிட்டியா?” என்றேன்.

“வரும்போது கும்பல் தள்ளும். அப்ப நீ செருப்பத் தேடிக்கினு நிப்ப. நான் மாட்டிக்கினு போயிட்டே இருப்பேன்” என்றாள்.

அப்படியேதான் நடந்தது. நான் ஒற்றைச் செருப்போடு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போது வெளியே ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஸ்கூட்டரையும் அவள் வந்தபோதே ரோட்டைப் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

அவள் பெயரைச் சொல்லப் போவதில்லை. கல்யாணமாகிப் போய்விட்டாள், தொடர்பு விட்டுப்போயிற்று, அவளைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். கேட்டிருந்தால், “எழுது, ஆனா எங்க முடிப்ப, அத மொதல்ல சொல்லு” என்றிருப்பாள்.

ஊரில் யாரைப் பார்த்தாலும் மற்றவர்கள் “எங்க போற?” என்று கேட்பார்கள். இவள் “எப்படி வருவ?” என்று கேட்பாள். என் சித்தி மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, துணி எடுத்தாயா, பிளாஸ்க் எடுத்தாயா என்று வீடே பறந்துகொண்டிருந்தது. இவள் மட்டும் வாசலில் நின்றுகொண்டு, “கொழந்தைய தூக்கிக்கினு வர்றதுக்கு எந்த வண்டி சொல்லியிருக்கீங்க?” என்று கேட்டாள். சித்தி முறைத்த முறைப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்துப் பந்தியாகப் பார்த்துத்தான் உட்காருவாள். “உன் கல்யாணத்துல மேடை ஏறும்போதே எறங்குற படியப் பாப்பியாடி?” என்று ஒருமுறை சீண்டினேன். கொஞ்சமும் சிரிக்காமல், “பாப்பேன். பட்டுப்பொடவ தடுக்கும்ல?” என்றாள்.

உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் புரியும். அவள் அம்மா அளத்தில் வேலை செய்பவர். பள்ளிக்கூட லீவு நாளில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோவது இவள் வேலை. பாத்திகளுக்கு நடுவே வரப்பு மேலேயே நடக்க வேண்டும். ரோட்டில் நின்று பார்த்தால் எல்லா வரப்பும் ஒன்றோடொன்று சேருவது மாதிரிதான் தெரியும். நடந்து போனால் பாதி வரப்பு வாய்க்காலில் முட்டிக்கொண்டு நிற்கும். போகும்போது காய்ந்து கிடந்த வரப்பு, மடையைத் திறந்துவிட்ட பிறகு களியாகக் குழைந்து கிடக்கும். சோற்றுத் தூக்கோடு முழங்கால் வரை சேற்றில் நின்று அழுதிருக்கிறாளாம். “போறதுல இன்னாடி இருக்குது? யாரு வேணா போவாங்க” என்பாள்.

நாங்கள் இரண்டு பேரும் திண்டிவனத்தில் பி.காம். படித்தவர்கள். படித்து முடித்து ஒன்றும் கிழிக்காமல் வீட்டில் இருந்த காலத்தில் குயிலாப்பாளையத்தில் ஒரு வேலை கிடைத்தது. கீழே பேக்கரி, மேலே எங்கள் ஆபீஸ். ஒரே அறை. அமெரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர் அதை நடத்தினார். அவரை நாங்கள் சார் என்போம். அமெரிக்காவில் மலையேறுகிறவர்கள், ஆற்றில் படகு விடுகிறவர்கள், வேட்டைக்குப் போகிறவர்கள் முன்னே பின்னே பார்த்திராத இடத்துக்குப் புறப்படும்போது, அவர்களுக்காக சாட்டிலைட் படத்தைப் பார்த்து வழி போட்டுக்கொடுப்பது எங்கள் வேலை. வண்டியை எங்கே நிறுத்துவது, கூடாரத்தை எங்கே போடுவது, தண்ணீர் எங்கே கிடைக்கும், எல்லாம் சொல்ல வேண்டும். அவள் வழி போடுவாள். நான் அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். அவளுக்கு இங்கிலீஷ் படித்தால் புரியும், எழுதச் சொன்னால் கை ஓடாது. எனக்கு மேப்பைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருத்திக்கு ஒருத்தி துணை.

அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு விடிகாலை. அதனால் காலை ஏழு மணிக்கெல்லாம் ஆபீசில் இருப்போம். மரக்காணத்திலிருந்து ஈசிஆரில் அவள் ஸ்கூட்டரில் போவோம். வலது பக்கம் உப்புக் குவியல்கள் பனையோலை மூடிக் கிடக்கும். அவள் வண்டி ஓட்டிக்கொண்டே அன்றைய மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள்.

முதல் சில மாதங்கள் சார் வழி போடுவார், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்புறம் ஒரு நாள், “இந்த ஆள முழுசா நீயே பாரு” என்று ஒருவரை அவளிடம் கொடுத்தார். எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர். வில்லும் அம்பும் மட்டும்.

“நம்ம ஊர்ல மானத் தொட்டா ஜெயிலு சார்” என்றேன்.

சார் விளக்கினார். அங்கே அரசாங்கமே அனுமதி கொடுக்கிறது. வெளி மாநிலத்துக்காரர்களுக்குக் குலுக்கல். வருஷா வருஷம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும், விழுந்தால் ஒரு மான், இந்த ஆளுக்கு லீவு ஒரே வாரம். அந்த வாரத்தில் கிடைக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டியதுதான். எல்க் என்பது நம் கடமானைவிடப் பெரியது, குதிரை உயரம் இருக்கும், கொம்பு மட்டுமே ஒரு ஆள் விரித்த கை அகலம். வில் வேட்டை என்பதால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கத்து டீக்கடை தூரத்துக்குள் போக வேண்டும். அதற்கு நடுவில் காற்று ஒரு தடவை நம்மிடமிருந்து அதன் பக்கம் அடித்தால் போதும், மோப்பம் பிடித்து ஓடிவிடும்.

அந்த மனிதருக்கு அறுபதை நெருங்குகிற வயது. மக்காச்சோளம் விளைகிற தட்டையான மாநிலம். டிராக்டர் ரிப்பேர் வேலை. மருத்துவர் முழங்காலைப் பார்த்துவிட்டு, மலையெல்லாம் இதோடு போதும் என்று சொல்லிவிட்டாராம். வாழ்நாள் பூராவும் ஆசைப்பட்டு இப்போதுதான் குலுக்கலில் விழுந்திருக்கிறது. முதல் கடிதத்திலேயே, “எங்கள் ஊரில் மலையே கிடையாது. மலையில் எப்படி நடப்பது என்றே எனக்குத் தெரியாது. என்னை ஏமாற்றிவிடாதீர்கள்” என்று எழுதியிருந்தார்.

அவள் அதைப் படித்துவிட்டு நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் வெளிச்சம். “நம்மள மாதிரி ஆளுடி! நம்ம சோளக்காரரு!” என்றாள். அன்றிலிருந்து அவர் எங்களுக்குச் சோளக்காரர்தான்.

அடுத்த சில மாதங்கள் அவளோடு இருந்தது திருவிழா வீட்டில் இருப்பது மாதிரி இருந்தது. கொலராடோவில் ஒரு மலைத்தொடர் அவள் மேஜையில் விரிந்து கிடந்தது. உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு என்று சார் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். இவள் சாப்பிடும்போதுகூட இட்லித் தட்டில் சட்னியால் கோடு போட்டு, “இங்க ஒரு மேடு, இங்க ஓடை” என்று காட்டுவாள். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று சரிவில் மேலே போகும், சாய்ந்ததும் கீழே இறங்கும் என்று படித்தபோது துள்ளிக் குதித்தாள். “நம்ம கடக்காத்து மாதிரியேடி! பகல்ல ஒரு பக்கம், ராவுல ஒரு பக்கம்.”

எல்க் மான் எப்படிக் கத்தும் என்று யூடியூபில் போட்டாள். அடித்தொண்டையில் ஆரம்பித்து, விசிலாக ஏறி, உச்சியில் நின்று, கடைசியில் ஒரு உறுமல். உடம்பு சிலிர்த்தது. அவள் சவுண்டைக் கூட்டி ஜோடிக்கு வேறொன்றையும் போட்டாள். மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கீழே இருந்து பேக்கரி மாஸ்டர் மாவுக் கையோடு வந்து நின்றார்.

“ஏம்மா, குக்கர் வச்சிக்கினு மறந்துட்டீங்களா? விசிலு வந்துக்கினே இருக்குது, எறக்க மாட்டீங்களா?”

“மாஸ்டர், மான்!” என்றாள்.

“மானா? எந்த மான் இப்படிக் கத்துது, வயித்து வலியா?” என்று கேட்டுவிட்டு, அவரும் உட்கார்ந்து ஐந்தாறு வீடியோ பார்த்துவிட்டுத்தான் போனார். அன்று ரொட்டி கருகியது.

வீட்டிலும் இதே கூத்து. அவள் அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “வாயில்லா ஜீவன். அதக் கொல்ல நீ குந்திக்கினு வழி போட்டுத் தர்றியா?” என்றார். இவள், “மீன் கொழம்ப எறக்கி வச்சிட்டுப் பேசும்மா” என்றாள். ஆனால் அந்தப் பேச்சு அவளை அரித்தது என்று எனக்குத் தெரியும். மறுநாள் வண்டியில், “அம்பு பட்டா ரொம்ப நேரம் துடிக்குமாடி?” என்று கேட்டாள்.

எல்லாத்துக்கும் மேலே அவளைப் பிடித்து ஆட்டிய விஷயம் ஒன்று உண்டு. மானை அடித்தால் அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது, கறி முழுவதையும் சுமந்துகொண்டு வர வேண்டும் என்பது சட்டம். ஒரு தடவையில் முடியாது, பல நடை நடக்க வேண்டும். இதைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

“பாத்தியா! போகும்போது வெறுங்கையி. வரும்போதுதான் சொம. அப்ப மொதல்ல போட வேண்டியது திரும்பி வர்ற வழி!”

“ஆரம்பிச்சிட்டாடா” என்றேன் நான்.

போட்டாள். முழங்கால் வலிக்காரர் முதுகில் சுமையோடு இறங்குவதற்கு ஏற்ற மாதிரி செங்குத்தில்லாத சாய்வாகத் தேடி, ஓடையை ஒட்டி, மர நிழலிலேயே வருகிற மாதிரி, வண்டி நிற்கிற இடம் வரை ஒரு பச்சைக் கோடு. ஏறுகிற வழியை அவள் அரை நாளில் முடித்துவிட்டாள். இந்த இறங்குகிற கோட்டுக்கு மட்டும் வாரக்கணக்கில் அழித்து அழித்துப் போட்டாள்.

அதோடு நின்றாளா? சுமையோடு மலையிறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு திண்டிவனம் வழியாக செஞ்சிக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். முதுகில் தம்பியின் பழைய ஸ்கூல் பை. ராஜகிரி அடிவாரத்தில் காவலர் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“இன்னாம்மா இது, கல்லு கணக்கா இருக்குது?”

“உப்பு சார்.”

“உப்பா?”

பையைத் திறந்து காட்டினாள். வாய் வரை கல் உப்பு. அவர் அதில் ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தே பார்த்துவிட்டார். “மேல போயி சமைக்கப் போறீங்களா?” என்றார். “இல்ல சார், சும்மா தூக்கிக்கினு போயி தூக்கிக்கினு வருவோம்” என்றாள். அவர் எங்களை உள்ளே விட்டதற்குக் காரணம், பைத்தியங்களோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்பதுதான்.

ஏறும்போது பாதியில் நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் உச்சி வரை போய்விட்டு வந்தாள். இறங்கி வரும்போது அவளுடைய கால் நடுங்கிக்கொண்டிருந்தது, முகம் முழுக்க வியர்வை, சிரிப்பு. “எறங்கறப்பதான்டி முட்டி போவுது. சோளக்காரருக்கு இன்னும் சாய்வா போடணும்” என்றாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அந்த உப்பை என்ன செய்தாள் என்றா கேட்கிறீர்கள்? கொண்டு வந்ததை அப்படியே வீட்டுக்கே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இப்போது அந்த வெள்ளைத் திட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வழி தயார். மான் எங்கே நிற்கும் என்பதுதான் பாக்கி. படத்தில் மலையுச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு புல்வெளி ஓரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு திட்டு இருந்தது. கோடைக்காலப் படம், அதனால் பனியாக இருக்க முடியாது. அவள் அதைப் பெரிதாக்கினாள். என்னைக் கூப்பிட்டாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம், “உப்பு!”

வேறு என்ன சொல்வோம்? தண்ணீர் வற்றி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடப்பதை நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவள் போனில் படமெடுத்துப்போய் அம்மாவிடம் காட்டினாள். “பங்குனில பாத்தி இப்படித்தான் பூத்து நிக்கும். யாரு அளம் இது?” என்று கேட்டாராம் அம்மா. எங்கள் ஊரில் மாடுகள் வரப்பை நக்கிக்கொண்டு நிற்கும். எல்க் மானும் உப்பு மண்ணைத் தேடிப் போகும் என்று படித்திருந்தோம். இதைவிட வேறென்ன வேண்டும்! அவள் சந்தோஷத்தில் கீழே போய் மாஸ்டரிடம் பப்ஸ் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தாள். சார்கூட, “இது எனக்குத் தோணலயே” என்றார். சோளக்காரருக்கு நான் நீளமாக எழுதினேன். முதல் நாட்களை அந்த வெள்ளைத் திட்டுக்கே கொடுங்கள், எங்களுக்கு உப்பைத் தெரியும் என்று.

ஆவணி முடிகிற சமயத்தில் அவர் மலையேறினார். சாட்டிலைட்டில் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி ஒன்று வைத்திருந்தார். அவருடைய சாயங்காலச் செய்தி எங்கள் காலையில் வந்து விழும். முதல் நாள், கூடாரம் போட்டாயிற்று. அடுத்த நாள், வெள்ளைத் திட்டை நோக்கி ஏறுகிறேன், மூச்சு வாங்குகிறது, அழகாக இருக்கிறது. அதற்கு அடுத்த நாளும் அதன் அருகில்தான் மறைந்து உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை வந்த செய்தியை நான்தான் முதலில் படித்தேன். இன்று எழுந்து நேராக அதன்மேலேயே நடந்து பார்த்தேன், இது உப்பு இல்லை, யாரோ அந்தக் காலத்தில் சுரங்கம் தோண்டிக் கொட்டிய வெள்ளைக் கல், ஒரு குளம்புத் தடம்கூட இல்லை. அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது.

அவள் அதைப் படித்துவிட்டு மானிட்டரை அணைத்துவிட்டாள். பிறகு மறுபடி போட்டு, அந்தத் திட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சார் கோபக்காரர் இல்லை, ஆனால் அன்று சொல்லிவிட்டார். “நம்ம ஊர் கண்ணாடிய மாட்டிக்கினு அந்த ஊரப் பாத்திருக்கீங்க ரெண்டு பேரும். அந்த ஆளுக்கு இது ஒரு வாரம்தாம்மா.” எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. டிபன் பாக்ஸைத் திறக்கவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “எழுதுடி” என்றாள்.

“இன்னா எழுதறது? மன்னிப்பா?”

“அதையும் எழுது. அப்புறம் இத எழுது. அவரு ரொம்ப சோந்து போயிருப்பாரு. ஏறுன வழியில எறங்க வேணாம், முட்டி தாங்காது. நான் போட்ட பச்சக் கோட்டுல எறங்கட்டும். காலையில சீக்கிரம் வேணாம், வெயிலு ஏறட்டும். அப்பதான் காத்து கீழேருந்து மேல வரும், அவரு மூஞ்சில அடிக்கும். மொள்ள எறங்கட்டும். வில்ல கையிலயே வச்சிக்கினு எறங்கட்டும்.”

அப்படியே எழுதி அனுப்பினேன். சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணி. செய்தி இல்லை. எட்டு மணி, இல்லை. சார் ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மாஸ்டர் டீ கொண்டு வந்து வைத்துவிட்டு, “வந்துச்சா?” என்று கேட்டார். அவருக்கும் சோளக்காரர் சொந்தக்காரர் ஆகிவிட்டிருந்தார். மான் கிடைக்காவிட்டால் போகிறது, அந்த மனுஷன் நல்லபடியாகக் கீழே வந்து சேர வேண்டும் என்று எனக்குள் வேண்டிக்கொண்டேன். அறுபது வயது, வலிக்கிற முழங்கால், தெரியாத காடு. போகச் சொன்னது நாங்கள். மதியம் வீட்டுக்குப் புறப்படும் நேரம் வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

“வழி நான் போட்டது” என்றாள்.

மறுநாள் காலையில் நாங்கள் படியேறும்போதே மேலேயிருந்து சார் கத்தினார். அவள் என்னைத் தள்ளிவிட்டு இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஓடினாள்.

சோளக்காரர் எழுதியிருந்தார். பச்சைக் கோட்டில் பாதி தூரம் இறங்கியபோது கீழே ஓடைப் பக்கம் ஒரு மான் கூவியது. காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். நீங்கள் போட்ட பாதையிலேயே அது ஏறி வந்தது. சுமையோடு வரும் மனிதனுக்கு எது சுலபமோ அதுதான் மானுக்கும் சுலபம், சாய்வும் நிழலும் தண்ணீரும் இருப்பதால் அவற்றின் சொந்த ரோடே அதுதான். ஒரே அம்பு. ரொம்ப தூரம் போகவில்லை, சீக்கிரம் அடங்கிவிட்டது. அப்புறம் சுமக்க ஆரம்பித்தேன், கருவியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, வண்டிக்கு வந்துதான் ஏற்ற முடிந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் கத்திய கத்தல் ஈசிஆர் வரை கேட்டிருக்கும். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள், விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். “சீக்கிரம் அடங்கிடுச்சாம்டி” என்றாள். “பாவம்டி அது. ஐயோ, ஆனா கெடச்சிடுச்சுடி!” சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாஸ்டர் ஒரு முழு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு அவர் ஒரு வீடியோ அனுப்பினார். இடையில் ஒருமுறை, வழி போட்ட பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டிருந்தார். எங்களுடையதும் தட்டையான ஊர்தான், கடலும் உப்பளமும் மட்டும்தான், அந்த மாதிரிக் காட்டை அவள் நேரில் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தேன். அவர் கடைசிச் சுமையைக் கொண்டுவரும்போது போனை மார்பில் கட்டிக்கொண்டு மான் விழுந்த இடத்திலிருந்து வழி முழுவதையும் நடந்தபடியே படம் பிடித்திருந்தார். ஆரம்பத்தில் அவர் குரல் மட்டும், மூச்சு வாங்கிக்கொண்டே. “இது உன் பாதை. நீ முன்னால் போ. நான் பின்னால் வருகிறேன்.”

அறையில் நாங்கள் நான்கு பேர். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கை கட்டிக்கொண்டு நின்றாள்.

“இப்ப எடது பக்கம் திரும்பும்” என்றாள். திரும்பியது. “ஒரு பெரிய பாற வரும், அதுக்கு மேல ஏறாம சுத்திக்கினு போவணும்.” பாறை வந்தது, அவர் சுற்றிக்கொண்டு போனார். மாஸ்டர் தொடையில் தட்டினார். “அடுத்தது?” “இங்க மரம் விட்டுப்போயி கொஞ்சம் வெளிச்சம் வரும்.” வந்தது. கிரிக்கெட் மேட்ச் பார்ப்பது மாதிரி நாங்கள் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூச்சல் போட்டோம். அவள் ஒரு இடத்திலும் தப்பவில்லை. வெள்ளைத் திட்டில் போன மானத்தையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“இப்ப ஓடை வரும், வலது கையில” என்றாள்.

வந்தது. அவர் நின்று, சுமையை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீருக்குப் பக்கத்தில் போனார். பாறைகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்து, உருண்டு, இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சலில் அவர் என்னவோ பேசுவதுகூடக் கேட்கவில்லை. எங்கள் சின்ன அறை முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது.

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். கட்டியிருந்த கை அவிழ்ந்து தொங்கியது. எத்தனையோ வாரம் மேப்பில் அந்த ஓடையின் நீலக் கோட்டை ஒட்டியே தன் பச்சைக் கோட்டை அழித்து அழித்துப் போட்டவள், வாயைத் திறந்தபடி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

“இவ்ளோ சத்தம் போடுமாடி அது?” என்றாள். “எனக்குத் தெரியவே தெரியாதுடி.”

அவள் மெல்ல முன்னால் வந்து, மவுஸை வாங்கி, ஓடை வருகிற இடத்துக்குப் படத்தைத் திரும்ப ஓட்டினாள்.